ஹோட்டல் அறையில் சின்னத் திருட்டு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பயணம் போகிறவர்களுக்கு அறை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ராத்திரி நேரத்தில் போன் வந்தால் பெரும்பாலும் இதுதான்: "பர்ஸ்ல பணம் குறையுது", "பெட் மேல வச்ச வாட்ச்சைக் காணோம்", "பெட்டியை யாரோ திறந்திருக்காங்க". எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கதவை உடைத்து, ஆளை மிரட்டிப் பறிக்கிற கொள்ளை இதில் வராது. அதற்கு நேரே போலீஸ்தான்.

ரூமுக்குத் திரும்பி வந்தா பொருளைக் காணோம். முதல்ல என்ன செய்யணும்?

எதையும் எடுத்து அடுக்காதீர்கள். அறை இருக்கிற நிலையிலேயே ஐந்தாறு படம் எடுங்கள்: கதவு, பூட்டு, ஜன்னல், பால்கனி கதவு, பெட்டி, பொருள் இருந்த இடம். படத்தோடு நேரமும் பதிவாகிவிடும்.

அப்புறம், அந்தப் பொருளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மனசில்தான் இருக்கிறதே என்று விட்டால், மூன்று பேர் மாறி மாறிக் கேட்கும்போது நேரம் குழம்பிவிடும், குழம்பினால் நீங்கள்தான் கதை கட்டுகிறீர்கள் என்று எதிராளிக்குத் தோன்றும். போனது கார்டு, போன், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று என்றால் மற்றதெல்லாம் பிறகு, கீழே அதற்கான கேள்விக்கு முதலில் போங்கள்.

திருட்டுதான்னு எப்படி உறுதியா சொல்றது? நானே எங்கேயாவது வச்சிருந்தா?

நல்ல சந்தேகம். எனக்கு வருகிற புகார்களில் திருட்டே இல்லாதவை நிறைய. படுக்கை விரிப்பை மாற்றுகிறவர் நான்கு மூலையையும் சேர்த்து ஒரே சுருட்டாகச் சுருட்டி, தள்ளுவண்டியில் தொங்கும் பையில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அந்தச் சுருட்டுக்குள் உங்கள் மோதிரமோ மெல்லிய சங்கிலியோ இயர்பட்டோ இருந்தால் அவருக்கே தெரியாது. துணி மெஷினுக்குள் போவதற்கு முன்னால் சலவைப் பகுதியில் ஒருமுறை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சீக்கிரம் சொன்னால்தான் பலன்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, மெத்தையின் தலைப்பக்க இடுக்கு, குளியலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டிய சட்டைப் பை, பெட்டியின் உள் ஜிப், இதெல்லாம் பார்த்தாயிற்றா? சார்ஜர் என்றால் முந்தின ஊர் ஹோட்டலின் பிளக்கிலேயே இருக்கலாம். ஹோட்டல்களில் கண்டெடுத்த பொருட்களுக்கு அறை எண், தேதியோடு ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் தேடுவதிலேயே ராத்திரியைக் கழிக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் கிடைக்கவில்லை என்றால் கீழே இறங்கிச் சொல்லிவிடுங்கள். பிறகு கிடைத்தால் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேஜை மேல வச்ச பணத்தைக் காணோம். டிப்ஸ்னு நினைச்சு எடுத்திருப்பாங்களோ?

இருக்கலாம். தலையணை மேல், தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே, கிளம்புகிற நாள் காலையில் மேஜையின் நடுவில் இருக்கிற சில்லறை நோட்டு டிப்ஸ் மாதிரித்தான் தெரியும். பர்ஸுக்குள்ளோ பெட்டிக்குள்ளோ இருந்த பணத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது. எங்கே இருந்தது என்பதை அப்படியே சொல்லுங்கள். "டிப்ஸ் என்று தவறாக எடுத்திருக்கலாம், கொஞ்சம் விசாரியுங்கள்" என்று நீங்களே வழி விட்டால் பல சமயம் பணம் கௌரவமாகத் திரும்பி வந்துவிடுகிறது.

ரிசப்ஷன்ல போய் என்னன்னு சொல்றது? சத்தம் போட்டாதானே வேலை நடக்கும்?

சத்தம் போட்டால் உங்களைச் சமாதானப்படுத்துகிற வேலைதான் நடக்கும், பொருளைத் தேடுகிற வேலை நடக்காது. கவுண்டரில் நிற்கிறவருக்கு அதிகாரம் குறைவு. டியூட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள், பாதுகாப்புப் பொறுப்பாளர் தனியாக இருந்தால் அவரையும். எழுதி வைத்ததைப் பார்த்து நிதானமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை நான்கு: சம்பவத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதன் நகல் உங்களுக்கு வேண்டும், பூட்டின் பதிவை (கதவு எப்போது, எந்தக் கார்டில் திறந்தது என்ற கணக்கை) எடுக்க வேண்டும், அந்த நேரத்து கேமரா பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும். நகல் தர மறுத்தால் அங்கேயே உட்கார்ந்து ஹோட்டலின் மின்னஞ்சலுக்கு இதையே எழுதி அனுப்புங்கள். என்ன போனது, எந்த நேரத்துக்குள், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பது அதில் இருந்தால் போதும். இந்த ஒரு மின்னஞ்சல் பின்னால் போலீஸ், காப்பீடு, முன்பதிவு நிறுவனம் என்று எல்லா இடத்திலும் உதவும். என்னைக் கேட்டால் மொத்த விஷயத்திலும் உருப்படியான காரியம் இதுதான். பொருள் கிடைக்கிறதோ இல்லையோ, சொன்ன நேரம் பதிவாகிவிட வேண்டும்.

சுத்தம் பண்ண வந்தவங்கதான் எடுத்திருப்பாங்க, வேற யாரு ரூமுக்குள்ள வருவா?

நிறையப் பேர் வரலாம். உண்மையில், மாட்டிக்கொள்ள அதிக வாய்ப்புள்ளவரே அவர்தான்: எந்த அறையை யார் சுத்தம் செய்தார் என்று பட்டியல் இருக்கும், அவர் கார்டு பூட்டில் பதிவாகும், முதல் சந்தேகமும் அவர் மேல்தான் விழும் என்று அவருக்கே தெரியும்.

சுத்தம் செய்யும்போது கதவு திறந்து கிடக்கும். ஒருவர் சாதாரணமாக உள்ளே வந்து, "என் ரூம்தான், சார்ஜரை மறந்துட்டேன்" என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நன்றாகப் பழக்கப்பட்ட ஊழியர் என்றால் வெளியே போய்க் கார்டைக் காட்டிக் கதவைத் திறந்து காட்டச் சொல்வார், எல்லோரும் அப்படி இல்லை. கவுண்டரில் அறை எண்ணைச் சொல்லி "கார்டு உள்ளேயே மாட்டிக்கிச்சு" என்று புதுக் கார்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. இரண்டு அறைகளுக்கு இடையே உள்ள இணைப்புக் கதவு பூட்டாமல் இருப்பதும், பால்கனி வழியும் இருக்கின்றன. அதனால் யார் பெயரையும் சொல்லாதீர்கள், நேரத்தைச் சொல்லுங்கள். "இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் நடுவில் யார் யார் வந்தார்கள்?" என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஊழியரின் பையைச் சோதிக்கச் சொல்வது, நீங்களே சோதிப்பது இரண்டும் வேண்டாம். முதலாவது அவமானம், இரண்டாவதில் நீங்களே வழக்கில் மாட்டலாம்.

கதவை யார் திறந்தாங்கன்னு பூட்டே சொல்லிடுமாமே, நிஜமா?

கார்டு போட்டுத் திறக்கிற பூட்டு என்றால் பெரும்பாலும் சொல்லும். பொறுப்பாளர் ஒரு கையடக்கக் கருவியோடு வந்து, பூட்டின் அடியில் இருக்கும் சின்னத் துளையில் வயரைச் செருகி, உள்ளே இருக்கிற பதிவை இறக்குவார் (சில புதிய பூட்டுகள் தகவலை நேரே அலுவலகக் கணினிக்கே அனுப்பிவிடும்). வரிவரியாகத் தேதி, நேரம், எந்தக் கார்டு என்று வரும்: விருந்தினர் கார்டு, சுத்தம் செய்பவர் கார்டு, பராமரிப்புக் கார்டு, எல்லா அறையையும் திறக்கிற மாஸ்டர். அந்த நேரத்தில் இரண்டாவதாக ஒரு விருந்தினர் கார்டு திறந்திருந்தால் கதை வேறு பக்கம் திரும்பிவிடும்.

இதில் இரண்டு நுணுக்கம். பூட்டின் நினைவகத்தில் இடம் குறைவு, புது வரி வர வர பழைய வரி அழிந்துகொண்டே போகும், அதனால் பதிவு எடுக்கும்வரை சும்மா உள்ளே வெளியே போய் வராதீர்கள். அப்புறம், பூட்டின் கடிகாரம் சில நிமிடம் முன்னே பின்னே ஓடலாம். உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒருமுறை கதவைத் திறந்து, அந்தத் திறப்பு பதிவில் எந்த நேரமாக வருகிறது என்று ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். சாதாரண இரும்புச் சாவி என்றால் இந்தப் பேச்சே இல்லை.

பூட்டுல எந்தப் பதிவும் இல்ல, அதனால யாரும் வரலைன்னு சாதிக்கறாங்களே?

பதிவு இல்லை என்பதை வைத்து யாரும் வரவில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒரு கணினிப் பாதுகாப்பு மாநாட்டுக்குப் போன ஆய்வாளர் ஒருவரின் மடிக்கணினி ஹோட்டல் அறையிலிருந்து காணாமல் போனது. கதவு உடையவில்லை, பூட்டிலும் பதிவில்லை, ஹோட்டல் புகாரை ஏற்கவில்லை. அந்த உறுத்தலில் ஆராயத் தொடங்கிய ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018-ல், விங்கார்டு விஷன் வகைப் பூட்டுகளில் ஒரு சாதாரண அறைக் கார்டை வைத்தே ஹோட்டல் முழுவதற்குமான மாஸ்டர் சாவியை உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். 2024-ல் வேறு ஆய்வாளர்கள் சாஃப்லாக் பூட்டுகளில் இதே மாதிரி ஓட்டையை வெளியிட்டார்கள். 131 நாடுகளில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட கதவுகள் அதில் அடங்கின. அந்தப் பூட்டுகளைச் செய்த இரண்டு நிறுவனங்களும் திருத்தம் கொண்டுவந்தன, ஆனால் அதை ஒவ்வொரு ஹோட்டலும் போட்டாக வேண்டும்.

இதைச் சொன்னதற்காக, உங்கள் சார்ஜரை எடுக்க ஹேக்கர் வந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். திறந்து கிடந்த கதவுதான் எப்போதும் முதல் சந்தேகம்.

கேமரா பதிவைக் காட்டச் சொன்னா முடியாதுங்கறாங்க. மறைக்கறாங்களா?

அவசியம் இல்லை. அந்தப் பதிவில் மற்ற விருந்தினர்களும் இருப்பார்கள், அதனால் உங்களிடம் காட்ட மறுப்பது பல இடங்களில் வழக்கமான நடைமுறை. போலீஸ் கேட்டால் தருவார்கள். ஆகவே காட்டச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, தேதியும் நேரமும் தளமும் குறிப்பிட்டு "இதை அழிக்காமல் வையுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். குறிப்பிட்ட நாளுக்குப் பின் பழைய பதிவின் மேல் புதுப் பதிவு தானாக ஏறிவிடும். நீங்கள் கேட்ட பிறகும் அழிந்தது என்றால் அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரூம் லாக்கர்ல பூட்டி வச்ச பணத்துலேயே கொஞ்சம் குறையுது. எண்ணைத் தெரிஞ்சவன் நான் மட்டும்தானே?

இல்லை. எண்ணை மறந்துவிடுகிற விருந்தினர்கள் தினமும் இருப்பதால், எல்லா லாக்கரையும் திறக்க ஹோட்டலிடம் மாஸ்டர் எண்ணோ சாவியோ தனிக் கருவியோ இருக்கும். சில இடங்களில் தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய எண்ணையே மாற்றியிருக்க மாட்டார்கள். போன உடனே காலி லாக்கரை உங்கள் எண்ணில் பூட்டிவிட்டு, வரிசையாகப் பூஜ்யத்தை அழுத்திப் பாருங்கள், 1234 போட்டுப் பாருங்கள். திறந்துகொண்டால் அதில் எதையும் வைக்காதீர்கள். லாக்கரை லேசாகத் தூக்கியும் பாருங்கள், கையோடு வந்தால் அது வெறும் பெட்டி.

கொஞ்சம் மட்டும் குறைவது பழைய தந்திரம். நோட்டுக் கட்டின் நடுவிலிருந்து இரண்டு மூன்று நோட்டு, நாலு கார்டில் பின்னால் இருக்கிற ஒன்று. நீங்களே செலவு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். வைக்கும்போது பணத்தை விரித்து ஒரு படம் எடுத்துவிட்டால் இந்தச் சந்தேகம் வராது. பெரிய தொகை, நகை என்றால் கவுண்டரில் இருக்கும் பொதுப் பெட்டகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அடுத்த பதிலில் வருகிறது.

"விலை உயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு போர்டு மாட்டியிருக்காங்க. அப்ப ஒண்ணும் கேட்க முடியாதா?

போர்டு மாட்டினால் பொறுப்பு போய்விடும் என்பது பெரும்பாலான இடங்களில் சரியல்ல. விருந்தினர் பொருளுக்கு விடுதிக்காரர் பொறுப்பு என்பது மிகப் பழைய சட்டக் கொள்கை. இப்போதைய சட்டங்கள் அதற்கு உச்சவரம்பு போட்டிருக்கின்றன. ஐரோப்பியக் குழு நாடுகள் 1962-ல் பாரிஸில் செய்த ஒப்பந்தத்தின்படி, பொறுப்பை முன்கூட்டியே தட்டிக்கழிக்கிற அறிவிப்பு செல்லாது. ஜெர்மனியில் அந்த உச்சவரம்பு ஒரு நாள் அறை வாடகையின் 100 மடங்கு, குறைந்தது 600, அதிகபட்சம் 3,500 யூரோ. பணம், நகை போன்றவற்றுக்கு அதிகபட்சம் 800 யூரோ. பிரிட்டனில் 1956-ம் ஆண்டுச் சட்டப்படி பொருளுக்கு 50 பவுண்டு, மொத்தம் 100 பவுண்டு. அந்தத் தொகையை யாரும் திருத்தாமலே விட்டதால் இன்று அது கேலிக்கூத்தாக நிற்கிறது.

ஊழியரின் அலட்சியமோ தவறோ காரணம் என்று காட்டினாலோ, பொருளைப் பாதுகாப்புக்காக ஹோட்டலிடமே ஒப்படைத்திருந்தாலோ இந்த உச்சவரம்பு பொதுவாகப் பொருந்தாது. ரசீது வாங்கச் சொன்னது இதற்குத்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: நீங்கள் கதவைப் பூட்டாமல் போனாலோ, உங்களோடு வந்தவரே எடுத்திருந்தாலோ ஹோட்டலைக் கேட்க முடியாது. கண்டவுடன் தாமதிக்காமல் சொல்லவில்லை என்றால் உரிமையே போய்விடும் என்று அந்த 1962 ஒப்பந்தமும் ஜெர்மன் சட்டமும் சொல்கின்றன. நேரம் பதிவாக வேண்டும் என்று மேலே நான் அடித்துக்கொண்டது சும்மா இல்லை.

சின்னப் பொருள்தானே, போலீஸ் வரைக்கும் போகணுமா?

பொருளைப் பொறுத்தது. ஷாம்பூ, சார்ஜர், கொஞ்சம் சில்லறை என்றால் ஹோட்டலில் பதிந்துவிட்டு ஊர் சுற்றப் போங்கள். பாதி நாளைக் காவல் நிலையத்தில் செலவழிக்கிற அளவுக்கு அது தகாது. அடையாள ஆவணம், போன், மடிக்கணினி, காப்பீட்டில் கேட்கப்போகிற எதுவாக இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். மொழி தெரியாத ஊரில் ஹோட்டலிலிருந்து ஒருவரை உடன் அனுப்பச் சொல்லலாம். புகார் எண், அதிகாரி பெயர், முத்திரையோடு நகல் மூன்றையும் வாங்காமல் எழுந்து வராதீர்கள். உண்மையில் போகாததைச் சேர்த்து எழுத வேண்டாம், பொய்ப் புகார் எந்த ஊரிலும் குற்றம்.

பயணக் காப்பீடு இருக்கு. எல்லாத்தையும் கொடுத்துடுவாங்கதானே?

பாலிசியைத் திறந்து படித்தால் உற்சாகம் குறையும். முதலில் ஒரு தொகையை நீங்களே ஏற்க வேண்டும், ஒரு பொருளுக்கு இவ்வளவுதான், ரொக்கத்துக்கு இன்னும் குறைவு என்றெல்லாம் இருக்கும். சின்னத் திருட்டு அந்த முதல் தொகைக்குள்ளேயே முடிந்துவிடுவதும் உண்டு. பல பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் வேண்டும், சிலவற்றில் கதவை உடைத்த தடயம் வேண்டும். வாங்கின பில், பொருளின் படம், வரிசை எண் இவை மின்னஞ்சலில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கார்டோ போனோ பாஸ்போர்ட்டோ போயிட்டா?

கார்டை வங்கிச் செயலியில் உடனே முடக்குங்கள், ரிசப்ஷனுக்கு அப்புறம் போகலாம். போன் என்றால் இன்னொருவர் போனிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்து "தொலைந்தது" நிலையில் போடுங்கள், சிம்மையும் முடக்குங்கள், ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் பூட்டு விலகி எடுத்தவருக்குத்தான் வசதி. சில நாள் கழித்து "உங்கள் போன் கிடைத்தது, கடவுச்சொல்லைப் போடுங்கள்" என்று குறுஞ்செய்தி வரலாம். அது எடுத்தவர் வேலை. வரைபடத்தில் இடம் தெரிகிறதே என்று தனியாகத் தேடிப் போவதும் வேண்டாம். ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கிளம்புவதற்கு முன்பே குறித்து வைத்திருந்தால் போலீஸ் புகாரில் உதவும்.

பாஸ்போர்ட்டுக்கு முதலில் போலீஸ், அப்புறம் உங்கள் நாட்டுத் தூதரகம், அங்கே அவசரப் பயண ஆவணம் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: திருடுபோனது என்று புகார் ஆனபின் அந்த எண், இன்டர்போல் 2002-ல் தொடங்கிய திருடுபோன பயண ஆவணங்களின் தரவுத்தளத்துக்குப் போகலாம். பிறகு அதே பாஸ்போர்ட் பெட்டி அடியில் கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் போகக்கூடாது, விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். அதனால் இதற்கு மட்டும் இரண்டு முறை நன்றாகத் தேடிவிட்டுப் புகார் கொடுங்கள்.

கிளம்பி வந்த பிறகுதான் கவனிச்சேன். இப்ப சொன்னா நம்புவாங்களா?

நம்புவது கஷ்டம்தான், ஆனாலும் கவனித்த நிமிடமே எழுதுங்கள். முதலில் "மறந்து வைத்துவிட்டேனா பாருங்கள்" என்று கேளுங்கள். அறை எண், கிளம்பிய நேரம், பொருளின் நிறம், அடையாளம் எல்லாம் சேர்த்து. கட்டிலுக்கு அடியில் கிடந்தால் அனுப்பிவைப்பார்கள், தபால் செலவு உங்களுடையது. அடுத்தவர் அந்த அறைக்கு வந்தாகிவிட்டது என்றால் கிடைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும்.

ஒரு தொகை தர்றோம், இதுல கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னா வாங்கிக்கலாமா?

வாங்கலாம், படித்துவிட்டு. "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்ற வரி இருந்தால் பிறகு வேறு எதுவும் கேட்க முடியாது, காப்பீட்டிலும் அந்தத் தொகையைச் சொல்ல வேண்டிவரும். போனது சின்னப் பொருள், கொடுப்பது நியாயமான தொகை என்றால் நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். "அடுத்த முறை வரும்போது தள்ளுபடி" என்பது மட்டும் என்றால் வேண்டாம், அந்த ஹோட்டலுக்கு மறுபடி யார் போகப்போகிறார்கள்?

ஒரே ரூம்ல தங்கினவங்க மேலேயே சந்தேகம். எப்படிக் கேக்கறது?

பூட்டின் பதிவு இங்கே உதவாது, அவர் கையிலும் அதே கார்டுதான். சாட்சி இல்லாமல் கேட்டால் பொருளும் வராது, உறவும் போகும். எல்லோர் முன்னாலும் பொதுவாக "காணோம், எல்லாரும் அவங்கவங்க பையில் தப்பா வந்திருக்கா பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்விடுங்கள். திரும்பி வரும்போது தலையணைக்கு அடியில் கிடப்பதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். பலர் சேர்ந்து தூங்குகிற டார்மிட்டரியில் சொந்தப் பூட்டு கொண்டுபோவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"தொந்தரவு செய்யாதீர்கள்" அட்டையை மாட்டிட்டுப் போனா பாதுகாப்புதானே?

ஓரளவுக்கு. உள்ளே ஆள் இருப்பதாகத் தோன்றும், சுத்தம் செய்யக் கதவு திறந்து கிடக்கிற நேரமும் இருக்காது. இதற்கு மாறாக "அறையைச் சுத்தம் செய்யவும்" அட்டை, உள்ளே யாரும் இல்லை என்று வராந்தாவில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிடும், அதைவிட ரிசப்ஷனுக்கு போன் செய்து சொல்வது நல்லது. இப்போது பல ஹோட்டல்கள் அட்டை தொங்கினாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை உள்ளே பார்ப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நடந்ததை ரிவ்யூவில் போட்டுக் கிழிச்சிடலாமா?

போடுங்கள், ஆனால் புகாரின் முடிவு தெரிந்த பிறகு. என்ன போனது, எப்போது சொன்னீர்கள், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். ஊழியரின் பெயர் போட்டு "திருடன்" என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழி போட்டுக் கொடுக்கிறீர்கள். படிக்கிறவர்களுக்கும் திருட்டு நடந்தது என்பதைவிட, மேனேஜர் எத்தனை மணி நேரம் கழித்து வந்தார் என்பதுதான் உபயோகமான தகவல்.

நாங்க தொடாத மினிபார் பாட்டிலுக்கு பில் போட்டுட்டாங்க. இதுவும் திருட்டுல சேருமா?

சேரலாம். முந்தின விருந்தினர் குடித்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார், அல்லது நீங்கள் இல்லாதபோது யாரோ எடுத்திருப்பார்கள். அறைக்குள் நுழைந்ததும் மினிபாரையும் துண்டு, அங்கி, ஹேங்கர்களையும் ஒரு படம் எடுத்துவிட்டால் வாக்குவாதம் அங்கேயே முடியும். படம் இல்லையென்றாலும் பணம் கட்டுவதற்கு முன்பே மறுத்துச் சொல்லுங்கள், பல இடங்களில் பெரிதாகக் கேள்வி கேட்காமல் நீக்கிவிடுவார்கள். கார்டில் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால் ஹோட்டலுக்கு எழுத்தில் கேட்டு, பதில் வராவிட்டால் வங்கியில் அந்தத் தொகைக்கு ஆட்சேபம் பதியலாம்.